ஹால் டயல் 25-ல் இருந்தும் குழந்தையின் அறை ஏன் குளிர்கிறது?

கேள்வி: செப்டம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸுக்குக் குடிவந்தோம். பழைய செங்கல் வீடு, வாடகைக்கு எடுத்தது. ஹால் சுவரில் ஒரு வட்ட டயல் இருக்கிறது. சமையலறையில் டைமர். வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஒவ்வொன்றின் ஓரத்திலும் 0 முதல் 5 வரை எண் போட்ட தலை. ஹாலில் இருப்பதற்கு மட்டும் அது இல்லை. மாடி அலமாரிக்குள் வெந்நீர் சிலிண்டர், அதன்மேல் ஒரு சின்ன டயல், பக்கத்துக் குழாய்களில் வெள்ளிநிறப் பெட்டிகள் இரண்டு. பாய்லரில் வேறு ஒரு குமிழ். ஹால் டயலை 25-ல் வைத்தும் எட்டு மாதக் குழந்தை படுக்கும் அறை குளிர்கிறது, கீழே எங்களுக்கு வேர்க்கிறது. டைமரை அணைத்த பிறகும் சில ராத்திரிகளில் ரேடியேட்டர்கள் சுடுகின்றன. இவற்றில் எது எதைக் கட்டுப்படுத்துகிறது?

பதில்:

தம்பி, விளக்கத்துக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். இன்று ஹீட்டிங் ஓடி அரை மணி நேரம் ஆனதும் குழந்தையின் அறைக்குப் போய் அந்த ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். முதலில் மேல்பக்கம், பிறகு கீழ்பக்கம், நடு, கடைசியாக அதற்குள் போகும் குழாய். எங்கே சுடுகிறது, எங்கே சில்லென்று இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். யார்க்ஷயரில் இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். கருவிப் பையைத் திறக்கும் முன் நானும் இதைத்தான் செய்வேன். அந்தக் குறிப்பு கீழே தேவைப்படும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய டயல், குமிழ், பெட்டி எதுவும் சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு பாய்லரில்தான் பிறக்கிறது. மற்றவை ஆளுக்கொரு கேள்வியை வைத்திருக்கின்றன. இது ஹீட்டிங் ஓட வேண்டிய நேரமா என்று டைமர் பார்க்கிறது. தான் மாட்டியிருக்கும் இடத்தில் இன்னும் சூடு வேண்டுமா என்று ஹால் டயல் பார்க்கிறது. இந்த அறைக்குள் இன்னும் வெந்நீர் விடலாமா என்று ரேடியேட்டர் தலை பார்க்கிறது. தொட்டி நீர் காய்ந்துவிட்டதா என்பது சிலிண்டர் டயலின் வேலை. காய்ந்த நீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வெள்ளிநிறப் பெட்டிகளின் வேலை. நீரை எத்தனை டிகிரிக்குக் காய்ச்சி அனுப்புவது என்பது பாய்லர் குமிழின் வேலை. தாலுகா ஆபீஸில் ஒரு கோப்பு பல மேசைகளைத் தாண்ட வேண்டும் இல்லையா, அந்த மாதிரி. ஒரு மேசையில் கோப்பு நின்றுவிட்டால், வேறொரு மேசைக்காரரிடம் எத்தனை தடவை போய்க் கேட்டாலும் அது நகராது. நீங்கள் ஹால் டயலை 25-க்கு ஏற்றியது அப்படித்தான். கோப்பு நிற்பது வேறு மேசையில்.

ஹால் டயலின் பெயர் ரூம் தெர்மோஸ்டாட். இதைப் பற்றித்தான் எல்லா வீட்டிலும் தவறான எண்ணம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பழைய வட்ட டயல்கள் பலவற்றுக்குள் இருப்பது, சூட்டில் வேறுவேறு அளவில் நீளும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. சூடு ஏறினால் அது வளையும், வளைந்தால் மின்தொடர்பு அறும். இஸ்திரிப் பெட்டி காய்ந்ததும் 'டிக்' என்று சிவப்பு விளக்கு அணைகிறதே, அதே சங்கதி. ஆக, அது ஒரு சுவிட்ச். மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரி கூட்டிக் குறைக்கும் கருவி என்று நினைத்துத்தான் பலர் 30-க்குத் திருப்புகிறார்கள். 20-ல் வைத்தாலும் 30-ல் வைத்தாலும் ரேடியேட்டருக்கு வரும் நீரின் சூடு ஒன்றுதான், வீடு காயும் வேகமும் ஒன்றுதான். 30-ல் வைத்தால் அது நிற்பதற்கு நேரமாகும், அவ்வளவே வித்தியாசம்.

இந்தக் கருவி பிறந்த கதை அதன் குணத்தை நன்றாகக் காட்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாரன் ஜான்சன் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். அவருடைய கல்லூரியில் பணியாளர் ஒருவர் வகுப்பு வகுப்பாக நுழைந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு, பிறகு அடித்தளத்துக்கு இறங்கிப்போய்ச் சூட்டைக் கூட்டியும் குறைத்தும் வருவார். பாடம் நடுவே நிற்கும். அதற்காக ஜான்சன் வகுப்பறைச் சுவரில் ஒரு கருவியை மாட்டினார். அதற்கு 1883-ல் காப்புரிமை வாங்கினார். அது செய்த வேலை அடித்தளத்தில் மணி அடிப்பது. மணி கேட்ட பணியாளர் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்வார். உங்கள் ஹால் டயலும் இன்றுவரை மணி அடிக்கும் வேலையைத்தான் செய்கிறது. அதுவும் ஹாலில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் வைத்து. மாடியில் குழந்தை படுத்திருப்பது அதற்குத் தெரியாது.

அதனால் அது இருக்கும் இடம் முக்கியம். தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில், வெயில் படாத, வாசற்கதவுக் காற்று அடிக்காத, ரேடியேட்டருக்கு நேர் மேலே இல்லாத சுவரில் இருக்க வேண்டும். பிராட்ஃபோர்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன். தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் வீடு முழுக்கக் குளிர்கிறது, மற்ற நேரம் சரியாக இருக்கிறது என்றார்கள். இரண்டு பேர் வந்து பாய்லரைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் போன நேரம் அந்த வீட்டு அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தார். சாமி அலமாரி தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே. ஐந்து முகம் எரிகிற விளக்கின் சூடு அதன்மேல் பட, வீடு காய்ந்துவிட்டது என்று அது நினைத்துக்கொண்டது. தெர்மோஸ்டாட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம், சரியாகிவிட்டது. உங்கள் வீட்டில் டயல் பக்கத்தில் டேபிள் விளக்கு, டிவி, ஃப்ரிட்ஜ் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ரேடியேட்டர் தலைக்கு வருவோம். இதில் மின்சாரமே இல்லை. உள்ளே மெழுகோ திரவமோ அடைத்த ஒரு சிமிழ். அறைக் காற்று சூடானால் சிமிழில் இருப்பது விரிந்து ஒரு ஊசியைக் கீழே அழுத்தும், ஊசி வால்வை மூடும். குளிர்ந்தால் சுருங்கி வழிவிடும். 1943-ல் டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனர் மேட்ஸ் கிளாசன் கொண்டுவந்த யோசனை இது. ஐரோப்பா முழுக்க வீடுகளில் இன்றும் இதுதான். எண்கள் டிகிரி இல்லை. பெரும்பாலான தலைகளில் 3 என்றால் 20 டிகிரிக்குப் பக்கம், 2 என்றால் 17 வாக்கில். 5-ல் வைத்தால் அறை அடுப்பங்கரை போலாகும் வரை மூடாது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, இந்தத் தலை தன்னைச் சுற்றியிருக்கும் காற்றைத்தான் அளக்கிறது. அதன்மேல் கனமான திரை தொங்கினாலோ, முன்னால் கட்டிலோ சோபாவோ இருந்தாலோ, துணி காயப்போட்டு மூடினாலோ, அடைபட்ட சூட்டில் அது சீக்கிரமே மூடிக்கொள்ளும். அறை குளிர்ந்தே கிடக்கும். இரண்டு, இது பாய்லரோடு பேசாது. வீட்டில் உள்ள எல்லாத் தலைகளும் மூடிக்கொண்டாலும் பாய்லரை நிறுத்தச் சொல்ல இதற்கு வழியில்லை. அந்த உரிமை ஹால் தெர்மோஸ்டாட்டுக்குத்தான். ஹால் ரேடியேட்டரில் தலை வைக்காமல் விட்டதற்குக் காரணமும் அதுதான். அங்கேயும் தலை இருந்து, அது 18-ல் மூடிக்கொண்டு, தெர்மோஸ்டாட் 20 கேட்டுக்கொண்டிருந்தால், 20 என்றைக்கும் வராது, பாய்லர் நிற்கவே நிற்காது. ஒரே இடத்துக்கு இரண்டு அதிகாரி கூடாது. வீட்டுக்காரர் விட்டுவைத்த குறை என்று நினைத்து அங்கே ஒரு தலையை வாங்கி மாட்டிவிடாதீர்கள்.

இனி உங்கள் கை என்ன சொன்னது என்று பார்க்கலாம்.

ரேடியேட்டர் கீழே சூடாகவும் மேலே குளிர்ந்தும் இருந்தால் உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது. மாடி ரேடியேட்டர்களில்தான் இது அதிகம், காற்று மேலே ஏறும் அல்லவா. ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறவிட்டு, மேல் மூலையில் இருக்கும் சதுர ஆணியை அதற்குரிய சாவியால் அரைத் திருப்பு திருப்புங்கள். அந்தச் சாவி கடையில் ஓரிரு பவுண்டுக்குக் கிடைக்கும். 'உஸ்' என்று காற்று போகும், பிறகு தண்ணீர் சொட்டும், உடனே மூடிவிடுங்கள். கீழே துணி வைத்துக்கொள்ளுங்கள். வரும் தண்ணீர் கறுப்பாக இருக்கும், கார்ப்பெட்டில் பட்டால் போகாது.

கீழ்ப்பகுதி நடுவில் மட்டும் குளிர்ந்து ஓரங்களும் மேலும் சுட்டால் அது கசடு. இரும்பு அரித்து உண்டாகும் கறுப்புச் சேறு அடியில் படிந்திருக்கும். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும். அது வீட்டுக்காரர் செலவு.

குழாய் நன்றாகச் சுட்டு, ரேடியேட்டர் முழுக்கச் சில்லென்று இருந்தால் ஊசி சிக்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் இதன்மேல்தான். காரணம், ஹால் டயல் 25 கேட்கும்போது பாய்லர் நேரமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், கீழே உங்களுக்கு வேர்க்கவும் செய்கிறது. மாடிக்கு மட்டும் சூடு வரவில்லை என்றால் தடை அந்த அறையிலேயே இருக்க அதிக வாய்ப்பு. கோடையில் தலையை 0-ல் மூடி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், நான்கைந்து மாதம் அழுந்தியே கிடந்த ஊசி அங்கேயே பிடித்துக்கொள்ளும். தலையை 5-ல் வைத்து, அடியில் இருக்கும் வளையத்தைக் கையால் தளர்த்தினால் தலை தனியாக வந்துவிடும், தண்ணீர் வராது. உள்ளே தெரியும் சின்ன ஊசியை ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் மெல்ல அழுத்தி விடுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் போய்த் திரும்பி மேலே எழ வேண்டும். எழவில்லை என்றால் ஒரு துளி எண்ணெய் விட்டு, பக்கவாட்டில் லேசாகத் தட்டி, மறுபடி அழுத்துங்கள். இடுக்கியால் பிடித்து மேலே இழுக்க மட்டும் வேண்டாம். ஊசி கையோடு வந்துவிட்டால் தரையெல்லாம் தண்ணீர்.

ரேடியேட்டர் மேலிருந்து கீழ்வரை நன்றாகவே சுடுகிறது, அறைதான் குளிர்கிறது என்றால் கதை வேறு. லீட்ஸின் பழைய வரிசை வீடுகளில் பல ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். நடுவே இடைவெளி கிடையாது, வெப்பக் காப்பும் கிடையாது. அப்படிப்பட்ட சுவர் வழியே சூடு ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு உங்கள் ஹால் ரேடியேட்டர் பெரிதாக இருந்து ஹால் சீக்கிரம் காய்ந்துவிட்டால், மாடி அறை பாதியில் இருக்கும்போதே தெர்மோஸ்டாட் நிறுத்தச் சொல்லிவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் மறுமுனையில் ஒரு பிளாஸ்டிக் தொப்பிக்குள் இன்னொரு வால்வு இருக்கும். லாக்ஷீல்டு என்பார்கள். ஹால் ரேடியேட்டரின் லாக்ஷீல்டை முழுக்க மூடி, எத்தனை திருப்பு என்று எண்ணிக் குறித்துவைத்து, பிறகு கால் திருப்பு மட்டும் திறங்கள். ஹால் மெதுவாகக் காயும். பாய்லர் நீண்ட நேரம் ஓடும். அந்த நேரத்தில் மாடிக்குப் போக வேண்டிய சூடு போய்ச் சேரும். மற்ற அறைகள் அளவுக்கு மேல் காயாமல் அவற்றின் தலைகள் பார்த்துக்கொள்ளும். எந்தச் செலவும் இல்லாமல் வீட்டைச் சமன் செய்ய எனக்குத் தெரிந்த சிறந்த வழி இது.

குழந்தையின் அறைக்கு எத்தனை டிகிரி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 25 என்ற எண் என்னைக் கவலைப்படுத்துகிறது. பச்சிளம் குழந்தைகளின் திடீர் மரணத்தைத் தடுக்கப் பாடுபடும் லல்லபி டிரஸ்ட் இங்கே சொல்லும் அளவு 16 முதல் 20 டிகிரி. நம் ஊரில் மின்விசிறி போட்டாலும் 28-க்குக் கீழே இறங்காத அறைகளில் வளர்ந்தவர்களுக்கு 18 டிகிரி என்றால் பயமாகத்தான் இருக்கும். ஊரிலிருந்து வந்த பாட்டி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பார். ஆனால் அளவுக்கு மீறிய சூடும், மேலே மேலே போர்த்துவதும் குழந்தைக்கு ஆபத்து என்று இங்கே மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஓர் அறை வெப்பமானி வாங்கி வையுங்கள். தொட்டிலை ரேடியேட்டருக்கு ஒட்டிப் போடாதீர்கள். தலையை 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்து, ஹால் டயலை 19 அல்லது 20-ல் நிறுத்துங்கள். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு 18.

அடுத்தது உங்கள் வெள்ளிநிறப் பெட்டிகள். அணைத்த பிறகும் ரேடியேட்டர் சுடும் மர்மம் இங்கேதான் இருக்கும்.

பாய்லரில் காய்ந்த நீர் ஒரே குழாயில் வந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ரேடியேட்டர்களுக்கு, இன்னொன்று சிலிண்டருக்குள் இருக்கும் செம்புச் சுருளுக்கு. ஒவ்வொரு கிளையிலும் ஒரு மோட்டார் வால்வு. ஹால் தெர்மோஸ்டாட் பாய்லரை நேராகக் கூப்பிடுவதில்லை. இந்த வால்வைத்தான் கூப்பிடுகிறது. பெட்டிக்குள் இருக்கும் சின்ன மோட்டார் சுழன்று வால்வைத் திறக்க, முழுக்கத் திறந்த பிறகு உள்ளே ஒரு குட்டி சுவிட்ச் அழுந்தும். அந்த சுவிட்ச்தான் பாய்லரையும் பம்பையும் ஓடச் சொல்கிறது. டயலைத் திருப்பிச் சில விநாடி கழித்துத்தான் பாய்லர் உறுமுவது அதனால்தான். நீருக்கு வழி திறக்காமல் நெருப்பு எரியக்கூடாது என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. எனக்கு இந்த முழு அமைப்பிலும் மிகப் பிடித்த பகுதி இது. வேலை முடிந்ததும் மோட்டாருக்கு மின்சாரம் நிற்கும், ஒரு சுருள்வில் வால்வை இழுத்து மூடும், குட்டி சுவிட்ச் விடுபடும், பாய்லர் நிற்கும்.

வருடக்கணக்கில் ஓடினால் இதில் இரண்டு விதமாகக் கெடும். வால்வு பாதியில் சிக்கி முழுக்க மூடாமல் போகலாம். அல்லது குட்டி சுவிட்ச் அழுந்திய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளலாம். எது என்று நீங்களே கண்டுபிடிக்க முடியும். டைமரில் ஹீட்டிங், வெந்நீர் இரண்டையும் அணைத்துவிட்டுக் காத்திருங்கள். அணைத்ததும் பம்ப் சில நிமிடம் ஓடலாம், ரேடியேட்டர் ஆற அரை மணிக்கு மேலும் ஆகலாம், அது இயல்பு. ஒரு மணி நேரம் கழித்தும் பாய்லரில் தீ எரிந்துகொண்டிருந்தால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீ அணைந்துவிட்டது, ஆனால் வெந்நீரை மட்டும் போட்டால் ரேடியேட்டரும் சேர்ந்து சுடுகிறது என்றால் ஹீட்டிங் வால்வு மூடவில்லை. நீங்கள் 'சில ராத்திரிகளில்' என்று எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதாக இருக்கலாம். வெந்நீர் டைமர் ராத்திரி ஓடுகிறதா என்று பாருங்கள். எதுவானாலும் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம், உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. இந்தச் சோதனையில் கண்டதை அப்படியே எழுதி வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். வருகிறவருக்குப் பாதி வேலை மிச்சம். வால்வின் மேல்பகுதியை மட்டும் மாற்றினாலே பல நேரம் போதும்.

சிலிண்டர் டயல் 60 டிகிரியில் இருக்கட்டும். சிக்கனம் என்று 45-க்கு இறக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், நுரையீரலைத் தாக்கும். ஆனால் 60 டிகிரி நீர் குழந்தையின் தோலைச் சில விநாடிகளில் பொசுக்கிவிடும். குளிப்பாட்டும் தொட்டியில் முதலில் குளிர்ந்த நீர், பிறகு வெந்நீர் என்ற வரிசையை வீட்டில் எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள். 37, 38 டிகிரி போதும். சிலிண்டரில் மின்சார இம்மர்ஷன் ஹீட்டர் ஒன்றும் இருக்கும், அதற்குத் தனி சுவிட்ச். அது போட்டபடி கிடக்கிறதா என்று பாருங்கள். எரிவாயுவைவிட மின்சார யூனிட் பல மடங்கு விலை, குடிவந்த புதிதில் பல வீடுகளில் கட்டணம் எகிறுவதற்கு இதுவே காரணமாக இருந்திருக்கிறது.

டைமரைப் பற்றிச் சுருக்கமாக. எழுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் தொடங்கி, படுப்பதற்கு அரை மணி முன்னால் நிற்கும்படி வையுங்கள். நாள் முழுக்க மெதுவாக ஓடவிட்டால் மிச்சம் என்பது உங்கள் மாதிரிச் சுவர் உள்ள வீட்டுக்கும் எரிவாயு பாய்லருக்கும் பொருந்தாது. உள்ளே எவ்வளவு நேரம் சூடாக இருக்கிறதோ அவ்வளவு நேரமும் சுவர் அதை வெளியே கொடுத்துக்கொண்டிருக்கும். குழந்தை இருப்பதால் ராத்திரி முழுக்க நிறுத்துவதற்குப் பதில் 16-ல் விட்டுவைக்க நினைத்தால் அது நியாயமான செலவு. உங்கள் பழைய டயலில் அந்த வசதி இல்லை. நேரத்துக்கு ஒரு வெப்பம் குறிக்கக்கூடிய தெர்மோஸ்டாட் போடச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, யாரும் தொடாத பாய்லர் குமிழ். ரேடியேட்டருக்குப் போகும் நீரின் சூட்டை நிர்ணயிப்பது இதுதான், அதாவது வீடு எத்தனை வேகமாகக் காயும் என்பதும் இதன் கையில். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலிலிருந்து புதிதாகப் போடும் எரிவாயு பாய்லர்கள், சில விதிவிலக்கு தவிர, கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும். எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகும். ஒரு கனமீட்டர் எரிவாயுவிலிருந்து வரும் ஆவியை நீராக்கினால் ஒன்றரை லிட்டருக்கும் மேல். எரிசக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்த ஆவியோடு புகைபோக்கி வழியே போய்விடும். பாய்லருக்குத் திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகி அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். குமிழ் 80-ல் இருந்தால் திரும்பும் நீர் 60-க்கு மேல் இருக்கும், கண்டென்சிங் என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும். சிலிண்டர் இல்லாத காம்பி பாய்லர் வீடாக இருந்தால் 55 அல்லது 60-ல் வைக்கச் சொல்வேன். உங்கள் வீட்டில் அதே நீர்தான் சிலிண்டரையும் 60-க்குக் காய்ச்ச வேண்டும், அதனால் 65-க்கும் 70-க்கும் நடுவில் வையுங்கள். கடும் பனிக்காலத்தில் அறை ஏறவில்லை என்றால் ஐந்து டிகிரி கூட்டுங்கள், பிறகு இறக்கிவிடுங்கள்.

பாய்லர் முகப்பிலோ அடியிலோ அழுத்தம் காட்டும் முள் இருந்தால் அதையும் பாருங்கள். ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். காற்றை வெளியேற்றிய பிறகு இது இறங்கியிருக்கும், நிரப்பும் குழாய் வழியே ஏற்ற வேண்டும். மிகவும் இறங்கிவிட்டால் முதலில் பாதிக்கப்படுவது மாடி ரேடியேட்டர்கள்தான். ஆறும்போது முள் பூஜ்யத்துக்கு விழுந்து, சூட்டில் 3-ஐ நெருங்கினால் விரிவுக் கலம் பழுது. நூறு லிட்டர் நீர் காய்ந்தால் மூன்று லிட்டர் அளவுக்கு விரியும், அதற்கு இடம் கொடுப்பது அந்தக் கலம். இடம் இல்லாதபோது 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச் சுவரில் நீட்டியிருக்கும் செம்புக் குழாய் வழியே நீரை வெளியே விடும். அந்தக் குழாயின் நுனி ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். முள்ளே இல்லையென்றால் பரணில் ஒரு சின்னத் தொட்டி இருக்கும், அந்த அமைப்புக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை.

பாய்லரின் மூடியை மட்டும் நீங்களோ, கைவேலை தெரிந்த நண்பரோ திறக்கக் கூடாது. கேஸ் சேஃப் என்ற எரிவாயு வேலைக்காரர் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் தொட வேண்டும். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவில்லை, நாங்கள் எதிர்பார்ப்பதே. ஹீட்டிங்கையும் வெந்நீரையும் ஓடும் நிலையில் வைத்திருப்பது, 1985-ன் வீட்டு உரிமையாளர் குடியிருப்போர் சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை. வருடத்துக்கு ஒருமுறை எரிவாயுப் பாதுகாப்புச் சோதனை நடத்தி அதன் நகலை உங்களுக்குத் தர வேண்டும். குடிவரும்போது அது கையில் வந்ததா? 2022 அக்டோபர் 1 முதல், பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் அவர் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்கே கேளுங்கள். அவர் போடும் வரை காத்திருக்காமல் நீங்களே ஒன்று வாங்கி வைத்தாலும் நல்லது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

ஊசியை விடுவித்து மாடி அறை சூடாகிவிட்டால், இன்னும் ஒன்றை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். மே மாதம் ஹீட்டிங்கை நிறுத்தும்போது, ரேடியேட்டர் தலைகளை 0-க்குத் திருப்பாமல் எல்லாவற்றையும் 5-ல் விட்டுவிடுங்கள். ஊசி மேலே எழுந்தே இருக்கும், அடுத்த அக்டோபரில் பிடித்துக்கொள்ளாது. தொட்டுப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.